மடையன் என்பவன் யார்?

கணக்கைத் தப்பாகப் போட்ட பையனைப் பார்த்து வாத்தியார் சொல்கிறார். சிக்னலில் குறுக்கே புகுந்த ஸ்கூட்டர்காரரைப் பார்த்து ஆட்டோக்காரர் சொல்கிறார். சாவியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வாசலில் நிற்கும் மனிதர் தன்னைப் பார்த்தே சொல்லிக்கொள்கிறார். மடையன்! தமிழில் இவ்வளவு தாராளமாகப் புழங்கும் வசவு வேறு இருக்குமா என்பது சந்தேகம்தான். இத்தனைக்கும் இது கெட்ட வார்த்தை இல்லை. குழந்தைகள் முன்னால் சொல்லலாம், பத்திரிகையில் அச்சடிக்கலாம், சினிமாவில் சென்சார் கத்தரி போடாது. அம்மா சொன்னால் பாதி கொஞ்சல். ஆபீஸில் மேலதிகாரி நாலு பேர் முன்னால் சொன்னால் அன்றைக்கு ராத்திரி தூக்கம் போச்சு.

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று ஒரு கதை ஊரெல்லாம் சுற்றுகிறது. மேடைப் பேச்சில் வரும், வார இதழ் துணுக்கில் வரும், இப்போது வாட்ஸ்அப்பில் வாரத்துக்கு ஒரு தரம் வருகிறது. கதை இதுதான்: ஏரி நிரம்பிக் கரை உடையும் நிலை வரும்போது ஒருவர் உயிரைப் பணயம் வைத்து நீருக்குள் மூழ்கி மடையைத் திறந்து ஊரைக் காப்பாற்றுவார். போகும் முன் பெண்டாட்டி பிள்ளைகளிடம் விடைபெற்றுக்கொண்டு போவாராம். மடையைத் திறப்பவர் என்பதால் அவர் மடையர். அந்தத் தியாகியின் பெயரைத்தான் இன்று வசவாக்கி வைத்திருக்கிறார்கள். ஆகவே உங்களை யாராவது மடையன் என்று திட்டினால் பெருமைப்படுங்கள்!

படித்ததும் புல்லரிக்கும். அடுத்தவருக்கு அனுப்பத் தோன்றும். ஆனால் இதில் எது உண்மை, எது புல்லரிப்பு என்று கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் உண்மையான பகுதி. ஏரிக்குள் இறங்கி மடை திறந்தவர்கள் நிஜமாகவே இருந்தார்கள். பழைய ஏரிகளில் கரையிலிருந்து சற்று உள்ளே தள்ளி, நீருக்கு மேல் தலை நீட்டிக்கொண்டு இரண்டு கல்தூண்கள் நிற்பதைப் பார்த்திருக்கலாம். அதற்குக் குமிழித் தூம்பு என்று பெயர். தூண்களுக்கு அடியில், ஏரியின் தரையில், கல்லால் கட்டிய ஒரு தொட்டி. அதன் மேல்பலகையில் ஒரு துளை, அதற்கு ஒரு அடைப்பு. அடைப்பைத் தூக்கினால் நீர் தொட்டிக்குள் விழுந்து, கரைக்கு அடியில் போகும் சுருங்கை வழியாக வெளியே வாய்க்காலுக்குப் போய்ச் சேரும். மேலே இருப்பது நீரோடித் துளை. கீழே தரைமட்டத்தில் இருக்கும் சின்னத் துளைகள் சேறோடித் துளைகள். நீர் பாயும் வேகத்தில் அடியில் படிந்த சேற்றையும் இழுத்து வெளியே தள்ளிவிடும். ஏரியும் தூர்ந்து போகாது, வயலுக்கும் வண்டல் கிடைக்கும். பள்ளிக்கூடம் போகாதவர்கள் என்று இன்று சொல்லக்கூடிய கல்தச்சர்கள் செய்து வைத்த ஏற்பாடு இது.

அந்த அடைப்பைத் தூக்க, கரையிலிருந்து தூண்வரை நீந்திப் போக வேண்டும். மரக்கட்டையோ கல்லோ சிக்கிக்கொண்டால் முங்கித்தான் எடுக்க வேண்டும். கலங்கிய நீரில் கண் தெரியாது, கைதான் கண். அடைப்பு திடீரென்று விடுபட்டால் ஓட்டை இழுக்கும். கையோ காலோ மாட்டினால் மேலே வருவது கஷ்டம். ஆக, ஆபத்தான வேலை என்பதில் மிகை எதுவும் இல்லை.

இனி சொல்லின் கதை. இங்கேதான் இடிக்கிறது.

தமிழில் மடம், மடமை என்ற சொற்கள் அறியாமை என்ற பொருளில் மிகப் பழைய காலத்திலிருந்தே இருக்கின்றன. மட்டி என்றாலும் அதே பொருள்தான். மடையன் அந்தக் குடும்பத்துப் பிள்ளை என்று கொள்வதுதான் எளிமையாக இருக்கிறது. (இதே மடம்தான் பெண்களுக்கான நாற்குணத்தில் அச்சத்துக்கும் நாணத்துக்கும் நடுவே உட்கார்ந்திருக்கிறது. ஆணுக்கு வசவு, பெண்ணுக்கு லட்சணம்! இதைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரையே எழுதலாம்.) அகராதியைத் திறந்தால் மடையன் என்பதற்குச் சமையற்காரன் என்றும் ஒரு பொருள் இருக்கும். கோயில் மடைப்பள்ளியில் இருக்கும் மடை அது. அந்த வழியாகவும் சிலர் இந்த வசவுக்கு விளக்கம் சொல்லிப் பார்ப்பதுண்டு. சமைப்பவனும் முட்டாள், மடை திறப்பவனும் முட்டாள் என்றால் ஊரில் வேலை செய்கிற எவன்தான் தப்புவான்?

இன்னொரு சாட்சி வீரமாமுனிவர். 1732-ல் சதுரகராதியை முடித்த இத்தாலியப் பாதிரியார்தான் பரமார்த்த குருவின் கதையையும் எழுதினார். அது 1822-ல் லண்டனில் ஆங்கில மொழிபெயர்ப்போடு அச்சானது. அதில் குருவுக்கு ஐந்து சீடர்கள்: மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன். அகராதி செய்தவர் கை, அதனால் முட்டாளுக்குத் தமிழில் உள்ள பெயர்களை வரிசையாக எடுத்து வைத்திருக்கிறது. அதில் மடையனுக்கு மட்டியும் பேதையும்தான் பக்கத்து வீட்டுக்காரர்கள். ஏரி வாசனையே இல்லை. வேடிக்கை என்னவென்றால், இந்த மடையன் தண்ணீரைக் கண்டு பயப்படுகிற கோஷ்டியில் ஒருவன். ஆறு தூங்குகிறதா விழித்திருக்கிறதா என்று கொள்ளிக்கட்டையை விட்டுப் பார்த்துவிட்டு, அது சீறியதும் ஓடி வந்து, தூங்கட்டும் என்று கரையில் காத்திருக்கும் கோஷ்டி!

அறிவாளியின் பெயர் முட்டாளின் பெயரான கதை உலகத்தில் நடக்காததில்லை. ஸ்காட்லாந்தில் டன்ஸ் என்ற ஊரில் பிறந்த ஜான் டன்ஸ் ஸ்கோட்டஸ் என்ற துறவி, ஐரோப்பாவின் மிக நுட்பமான தத்துவவாதிகளில் ஒருவர். 1308-ல் கொலோன் நகரில் இறந்தார். அவரை நுட்பத்தின் ஆசான் என்ற பொருளில் லத்தீனில் பட்டம் கொடுத்து அழைத்தார்கள். இரண்டு நூற்றாண்டுக்குப் பிறகு புதுப் படிப்பு வந்தது. பழையதையே பிடித்துக்கொண்டு மயிர்பிளக்கும் வாதம் செய்த அவருடைய வழியினரைப் புதியவர்கள் 'டன்ஸ்' என்று கேலி செய்தார்கள். அதுவே ஆங்கிலத்தில் மக்குப் பையனுக்குப் பெயராகிவிட்டது. அங்கே பள்ளிக்கூடங்களில் மக்கு மாணவன் தலையில் கூம்புத் தொப்பி வைத்து மூலையில் உட்கார வைத்தார்களே, அந்தத் தொப்பிக்கும் பாவம் அவர் பெயர்தான். ஆனால் அங்கே எழுத்தில் சாட்சி இருக்கிறது. எப்போது கேலி தொடங்கியது, யார் யாரைக் கேலி செய்தார்கள் என்று காட்ட முடிகிறது. மடை திறப்பவர் கதைக்கு யாரும் அப்படி ஒரு சாட்சியைக் காட்டுவதில்லை. 'ஆம்' விகுதிதான் காட்டுகிறார்கள். திறப்பாராம், போவாராம், அழைத்தார்களாம்.

முட்டாளுக்கும் இதே வைத்தியம் நடந்திருக்கிறது. தேர்ச்சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிற ஆள், அதனால் முட்டாள் என்பார்கள். வடக்கே கன்னடத்திலும் கிட்டத்தட்ட இதே சொல்லுக்கு முட்டாள் என்றுதான் பொருள். மேற்கே மலையாளத்தில் முட்டாளன் என்றால் முரடன். எல்லை தாண்டினால் மக்கு முரடனாகிவிடுகிறான். தேர் எங்கே போனதோ தெரியவில்லை.

சரி, கதை பொய்யாகவே இருக்கட்டும், நல்ல எண்ணத்தில்தானே சொல்கிறார்கள், போகட்டுமே என்று கேட்கலாம். போகட்டும் என்று விட முடியாததற்கு ஒரு காரணம் இருக்கிறது. இந்தக் கதை சொல்லுக்கு மாலை போடுகிறது, ஆளை விட்டுவிடுகிறது. கதையில் வரும் மடையர் எப்போதோ மன்னர் காலத்தில் செத்துப்போன தியாகி. அவருக்காக உச்சுக்கொட்டுவது சுலபம், செலவும் இல்லை. அதே வேலையைச் செய்த, சில ஊர்களில் இன்னமும் செய்கிற மனிதர்கள் உயிரோடு இருக்கிறார்கள். அவர்களுக்கு நீர்க்கட்டி, நீர்ப்பாய்ச்சி, நீராணிக்காரர், மடைக்குடும்பர் என்று ஊருக்கு ஒரு பெயர். கதையை அனுப்புகிறவர்களில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர்கள் தெரியும்?

நீர்க்கட்டியின் வேலை மடையைத் தூக்குவதோடு முடிவதில்லை. ஏரியில் எவ்வளவு நீர் நிற்கிறது, அது எத்தனை நாளைக்கு வரும், எந்த வயல் முதலில் காயும் என்ற கணக்கு அவர் தலைக்குள் இருக்கும். நீர் குறைந்தால் முறை வைத்துப் பாய்ச்ச வேண்டும். இன்றைக்கு இன்னார் வயலுக்கு, நாளைக்கு இன்னாருக்கு. அந்த நாட்களில் நிலத்துக்குச் சொந்தக்காரரே ஆனாலும் தன் வயல் வாய்மடையில் தானே மண்வெட்டி வைக்கக் கூடாது என்பது பல ஊர்களில் கட்டுப்பாடு. நீர்க்கட்டிதான் வெட்டிவிடுவார், அவர்தான் அடைப்பார். நள்ளிரவில் லாந்தர் விளக்கோடு வாய்க்கால் வரப்பில் நடந்து, எங்கே உடைப்பு, எங்கே திருட்டு மடை என்று பார்ப்பார். மழைக்காலத்தில் கரையில் நண்டு வளை இருந்தால்கூட அவருக்குக் கவலை. சின்ன வளைதான் பெரிய உடைப்பாகும். பெரும்பாலும் அந்த ஆயக்கட்டில் அவருக்குச் சொந்த நிலம் இருக்காது. அதனாலேயே அவரை நம்பினார்கள். தனக்கென்று வயல் இல்லாதவன்தான் எல்லார் வயலையும் ஒரே கண்ணால் பார்ப்பான் என்ற கணக்கு. கூலி, அறுவடையின்போது களத்தில் நெல்லாக.

ஒரு கையில் இவ்வளவு அதிகாரம், இன்னொரு கையில் சாதி. பல ஊர்களில் இந்த வேலையைப் பரம்பரையாகச் செய்து வந்தவர்கள் ஒடுக்கப்பட்ட சாதியினர். அவர் திறந்துவிட்ட நீர் எல்லார் வயலுக்கும் போகலாம், அவர் எல்லார் வீட்டுக்குள்ளும் போக முடியாது. மடையன் என்ற சொல் மடையிலிருந்து வராமல் இருக்கலாம். ஆனால் மடையில் நின்றவரை ஊர் எப்படிப் பார்த்தது என்பதற்குச் சொல்லாராய்ச்சி தேவையில்லை.

உத்திரமேரூர்க் கல்வெட்டுகளை எல்லாரும் பெருமையாகச் சொல்வார்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டியவை. குடவோலை முறையில் ஆள் எடுத்த வாரியங்களில் ஏரி வாரியமும் ஒன்று. 921-ம் ஆண்டுக் கல்வெட்டில் உறுப்பினராவதற்கான தகுதிகளைப் பார்த்தால் சொந்த நிலம், சொந்த மனையில் வீடு, 35 முதல் 70 வரை வயது, வேதப் படிப்பு என்று போகிறது. நீச்சல் தெரிய வேண்டும் என்று எங்கும் இல்லை! ஏரியை நிர்வாகம் செய்பவர் ஒருவர், ஏரியில் இறங்குபவர் இன்னொருவர். இந்தப் பிரிவினை ஆயிரம் வருடத்துக்கு மேல் பழசு.

பம்புசெட் வந்த பிறகு வசதியுள்ளவர்கள் தங்கள் கிணற்றைப் பார்த்துக்கொண்டார்கள். ஏரித் தண்ணீருக்காக முறை பார்த்து நிற்க வேண்டிய அவசியம் இல்லை. தண்ணீர் தேவைப்படாதவர் நீர்க்கட்டிக்கு எதற்கு நெல் அளக்கப் போகிறார்? பல ஏரிகளில் குமிழிக்குப் பதில் ஷட்டர் வந்தது. அதற்கு நீந்த வேண்டாம், சக்கரத்தைத் திருகினால் போதும். நல்லதுதான், ஒரு உயிராபத்து குறைந்தது. ஆனால் எப்போது திருக வேண்டும் என்ற அறிவு சக்கரத்தோடு சேர்ந்து வருவதில்லையே. தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரி குளங்கள் இருப்பதாக அரசுக் கணக்கு சொல்கிறது. அவற்றில் எத்தனை ஏரிகளின் தலைக்கணக்கு அந்தந்தக் கிழவரோடு சுடுகாட்டுக்குப் போனது என்பதற்கு எந்தப் பதிவேடும் கிடையாது.

பேச்சில் மட்டும் மடைக்கு இன்னும் மரியாதை இருக்கிறது. நன்றாகப் பேசினால் 'மடை திறந்த வெள்ளம்' என்று புகழ்கிறார்கள். காவிரியில் நீர் வரும் ஆண்டுகளில் 'கடைமடைக்குத் தண்ணீர் எட்டவில்லை' என்று நாளிதழ்கள் எழுதுகின்றன. மடையான் என்று ஒரு பறவைகூட உண்டு. வாய்க்கால் ஓரத்தில் அசையாமல் நிற்கும் மண் நிறக் கொக்கு. கிட்டப் போனாலும் பறக்காததால் குருட்டுக் கொக்கு என்றும் சொல்வார்கள். அதற்குக் கண் நன்றாகத் தெரியும். மீன் பிடிப்பதைப் பார்த்தால் புரியும்.

இனி அன்றாட முட்டாள்தனத்துக்கு வரலாம். வள்ளுவர் முட்டாள்தனத்துக்கு இரண்டு அதிகாரம் ஒதுக்கியிருக்கிறார். 84-வது பேதைமை, 85-வது புல்லறிவாண்மை. தெரியாமல் இருப்பது ஒன்று, கொஞ்சம் தெரிந்துகொண்டு எல்லாம் தெரிந்ததாக நினைப்பது இன்னொன்று. நகரங்களில் அதிகம் நடப்பது இரண்டாவது.

ஒருவர் மனை வாங்குகிறார். பத்திரம் சரியா, வில்லங்கம் உண்டா, அங்கீகாரம் இருக்கிறதா, வங்கிக் கடன் கிடைக்குமா, வாஸ்து எப்படி, போர் போட்டால் எத்தனை அடியில் தண்ணீர் வரும் என்று முப்பது பேரிடம் விசாரிப்பார். வக்கீல், புரோக்கர், எஞ்சினியர், ஜோசியர், ஆபீஸ் நண்பர் எல்லாரிடமும். அந்த மனையில் எருமை மேய்த்துக்கொண்டிருக்கும் பெரியவரிடம் மட்டும் கேட்க மாட்டார். கேட்டால் ஒரே வரியில் பதில் வந்திருக்கும்: 'ஐப்பசி கார்த்திகையில இங்க முட்டியளவு நிக்கும் சார்.' கேட்காததற்குக் காரணம் அறிவுக் குறைவு இல்லை. அந்த ஆளுக்கு என்ன தெரிந்திருக்கப் போகிறது என்ற நினைப்பு. முட்டாள்தனத்தில் பாதி இந்த நினைப்பில்தான் பிறக்கிறது.

தனி மனிதர் என்றில்லை, சென்னை நகரமே அப்படித்தான் வளர்ந்தது. இன்றைய தியாகராய நகர் இருக்கும் இடத்தில் ஒரு காலத்தில் மயிலாப்பூர் வரை நீண்ட நெட்டேரி இருந்தது. 1920-களில் அதை வடித்துத்தான் நகர் அமைத்தார்கள். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது, லேக்தான் இல்லை. நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் 1970-களில் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. புல்லறிவாண்மை அதிகாரம் உட்பட 1330 குறளும் அங்கேதான் கல்லில் வெட்டி வைத்திருக்கிறது.

பரமார்த்த குருவின் சீடர்கள் ஆற்றைக் கடந்து அக்கரை போனதும் எல்லாரும் வந்துவிட்டார்களா என்று எண்ணுவார்கள். எண்ணுகிறவன் ஒவ்வொரு தடவையும் தன்னை விட்டுவிட்டு எண்ணுவான். ஆறு பேரில் ஐந்துதான் வரும். ஒருவன் ஆற்றோடு போய்விட்டான் என்று ஒப்பாரி. ஏரி நிலத்து வீடுகளைப் பற்றிப் பேசுகிறவர்களும் இதே மாதிரிதான் எண்ணுகிறார்கள். அதிகாரி ஆக்கிரமித்தவனை எண்ணுகிறார். வாங்கியவர் விற்றவனை எண்ணுகிறார். விற்றவர் அனுமதி கொடுத்தவனை எண்ணுகிறார். யாருடைய கணக்கிலும் எண்ணுகிற ஆள் இல்லை. கதையில் வழிப்போக்கன் ஒருவன் வந்து, பணம் பேசிக்கொண்டு, ஒவ்வொருவர் முதுகிலும் ஒரு அடி போட்டு எண்ணிக் காட்டுவான். அப்போதுதான் ஆறு வரும்.

சென்னைக்கு அந்த அடி 2015 டிசம்பரில் விழுந்தது. செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கனஅடி வரை திறந்தார்கள். எப்போது திறந்திருக்க வேண்டும், ஏன் முன்னாடியே கொஞ்சம் கொஞ்சமாக விடவில்லை என்ற சண்டை பல வருடம் நடந்தது. அது நீர்க்கட்டிகள் ஒவ்வொரு மழைக்காலத்திலும் தனியாக நின்று முடிவெடுத்த அதே கேள்விதான், அளவு மட்டும் பெரிசு. அடையாற்றுக் கரையோரம் முதல் மாடி வரை நீர். அப்போது மீனவர்கள் கடற்கரைக் குப்பங்களிலிருந்து தங்கள் படகுகளை நகரத் தெருக்களுக்குக் கொண்டுவந்து ஆட்களை இறக்கினார்கள். மற்ற நாட்களில் அந்தத் தெருக்களில் மீன் வாசம் பிடிக்காது என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு.

நாலு வருடம் கழித்து 2019 ஜூனில் செம்பரம்பாக்கம், புழல், சோழவரம், பூண்டி என்று நகரத்துக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டு தரை தெரிந்தன. ஜூலை 12-ம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. முதல் ரயிலுக்கு வாழைமரம் கட்டி, பூமாலை போட்டிருந்தார்கள்.